வரிசையிலிருந்து பீடத்துக்கு

1

ஜெர்மனியின் பிரேமன் நகரில் குளிர் தொடங்கிவிட்டது. சனிக்கிழமைதோறும் நான் பரதம் கற்பிக்கும் சமூகக் கூடத்தில் வெப்பக் குழாய்களைத் திறந்துவிட்டார்கள். வெறுங்காலோடு நிற்கும் பிள்ளைகள் சுவரோரம் ஒதுங்கி, குழாயில் பாதத்தைச் சூடாக்கிக்கொண்ட பிறகே வரிசைக்கு வருகிறார்கள்.

சென்ற சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும், கூடத்தின் பொறுப்பாளரான பெட்ரா அம்மையார் என் கைப்பேசியில் இருந்த ஊர்ப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு படத்தில் அவர் விரல் நின்றது. செம்பட்டு உடுத்தி, முகமெங்கும் மஞ்சள் பூசி, தலையில் மகுடமும் கையில் மரச் சூலமுமாக உயர்ந்த பீடத்தில் ஓர் இளம்பெண் அமர்ந்திருந்தாள். யார் இந்த அரசி என்று கேட்டார். என் தம்பி நடத்தும் விடுதியில் தங்கி ஆலை வேலைக்குப் போகும் பெண் என்றேன். பிறவியிலேயே ஒரு கால் ஊனம் என்றும் சொல்லிவைத்தேன். அதைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. கேட்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. எங்கள் கூடத்தில் அடுத்த மாதம், எல்லோருக்குமான நடனம் என்ற பொருளில் ஒரு நாள் நிகழ்ச்சி நடக்கவிருக்கிறது. அதில் பேசப்போகிறவள் நான். சுவரொட்டிக்கு இதைவிடப் பொருத்தமான படம் எங்கே கிடைக்கும் என்றார் அவர்.

நான் மறுத்தேன். ஒருவரின் எழுத்துமூல இசைவின்றி அவர் படத்தை வெளியிடலாகாது என்றொரு விதி இங்கே உண்டு. அதன் பெயரைச் சொன்னால் போதும்; மேற்கொண்டு யாரும் எதுவும் கேட்பதில்லை. குடியுரிமைக்கும் வாடகை வீட்டுக்கும் கூடம் பெறுவதற்கும் என்று இருபது ஆண்டுகளாக இந்நாட்டு அலுவலகங்களோடு மல்லுக்கட்டி வந்தவள் நான். அவர்களுடைய விதி ஒன்று எனக்கு ஒளிந்துகொள்ள இடம் தந்தது அன்றுதான் முதல்முறை. பிறர் உரிமையை நான் மதிப்பதாகப் பெட்ரா அம்மையார் பாராட்டினார். பாராட்டைக் கேட்டுக்கொண்டு மிதிவண்டியை எடுத்தேன். வீடு வந்து சேரும்வரை காது சுட்டுக்கொண்டிருந்தது.

அந்தப் படம் எடுக்கப்பட்டது, இந்த ஆண்டு ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில்.

2

சுங்குவார்சத்திரத்தை அடுத்த ஊர் என்னுடையது. தமிழிலக்கியம் படித்தேன், காஞ்சிபுரத்தில் பரதம் பயின்றேன், மணமாகி இங்கே வந்தேன். எனக்குக் கற்பித்தவர் வரிசை கோணினால் தாளக் கழியைக் கீழே வைத்துவிடுவார். பத்துப் பேர் தட்டும்போது ஒரு குதிகால் பிந்தினாலும் யாருடையது என்று அவருக்குத் தெரியும். அவருடைய கண்ணும் காதும் எனக்கும் வந்துவிட்டன. அவற்றைப் பெருஞ்செல்வமாக எண்ணியே இத்தனை ஆண்டுகளும் வாழ்ந்திருக்கிறேன்.

இங்கே வந்தபின் அச்செல்வத்தை ஓரளவு மறைத்துவைக்கக் கற்றுக்கொண்டேன். யோனாஸ் என்னும் இளைஞன் சக்கர நாற்காலியில் என் வகுப்புக்கு வருகிறான். முதல் நாள் அவனிடம், நீ கை முத்திரைகளை மட்டும் பயின்றால் போதும் என்று மிகுந்த பரிவோடு சொன்னேன். பரிவுக்கும் சேர்த்தா கட்டணம் வாங்குகிறீர்கள் என்று அவன் கேட்டான். சிரித்துக்கொண்டேதான் கேட்டான். அதன்பின் அவனிடமிருந்தும், அவனைப் போன்று வந்த மற்றவர்களிடமிருந்தும் சிலவற்றைத் தெரிந்துகொண்டேன். ஆடுகிறவரிடம் ஒன்றைக் கேட்பதானால் தனியே கேட்கவேண்டும். விடை வரும்வரை காத்திருக்கவேண்டும். மௌனத்தை இசைவு என்று கொள்ளக்கூடாது. இவற்றை நகரத்துப் பள்ளிகளுக்குப் போய் ஆசிரியர்களுக்கே எடுத்துச் சொல்லும் அளவுக்கு எனக்குப் பெயர் உண்டாயிற்று.

பெயர் உண்டான கையோடு, கோடை விடுமுறைக்கு மகளை அழைத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். மகள் பெயர் இளவேனில்; வேனில் என்றே அழைப்போம். பதினாறு வயது. என்னிடம் பரதமும், வேறோரிடத்தில் இந்நாட்டவரின் தற்கால நடனமும் கற்கிறாள். அவள் தமிழில் வினைச்சொற்கள் வந்து சேரும் இடம் அவளுக்கே தெரியாது. ஆயினும் வீட்டில் தமிழைத் தவிர வேறு மொழி கூடாது என்பது என் கட்டளை.

3

தம்பி சேகரின் விடுதி, நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே திரும்பும் மண்சாலையில் இருக்கிறது. நெல்லை, தென்காசி, இராமநாதபுரம் பக்கத்துப் பெண்கள்தாம் பெரும்பாலும் தங்குகிறார்கள். ஷிப்டு மாறும் நேரங்களில் ஆலைப் பேருந்து வந்து ஒரு கூட்டத்தை இறக்கிவிட்டு மறு கூட்டத்தை ஏற்றிப்போகும். ஆண்களுக்கு வாயிற்கதவுக்கு இப்பால் இடமில்லை. ஆடி ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் விடுதியிலேயே அம்மனுக்குக் கூழ் வார்ப்பது தம்பியின் வழக்கம். இந்த முறை அக்கா வந்திருக்கிறாள், ஓர் ஆட்டமும் வைத்துவிடலாம் என்றான். நானும் உடனே ஒப்புக்கொண்டேன்.

உணவுக்கூடத்து மேசைகளை ஒதுக்கிவிட்டுப் பயிற்சி தொடங்கினோம். சண்முகக்கனியை அங்கேதான் முதலில் பார்த்தேன். சங்கரன்கோவில் பக்கத்தவள். வலப் பாதம் உள்நோக்கி மடங்கிப் பிறந்தவள். அறுவை செய்து நிமிர்த்திய பிறகும் அந்தக் கால் குட்டையாகவே நின்றுவிட்டது. அடி உயர்ந்த செருப்பு அணிந்து நடப்பாள். அதைக் கழற்றினால் வலக் குதிகால் தரையைத் தொடாது. பெயர் கொடுக்க வந்தவளிடம் நான் மாற்றுத்திறனாளி என்ற சொல்லைப் பயன்படுத்தியபோது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நொண்டின்னே சொல்லுங்க டீச்சர். வெரசா முடிஞ்சிரும்."

அவளுக்காக ஓர் உத்தி செய்தேன். வலக்காலைத் தட்டும் இடத்தில் அவளிடமிருந்து ஓசை எழாது. அப்படியானால் வரிசையில் உள்ள எல்லோருமே வலப் பாதத்தை ஓசையின்றிப் பதிக்கட்டும், இடப் பாதம் மட்டும் ஒலிக்கட்டும் என்று அமைத்தேன். கைகளுக்கு, ஆலையில் அவர்கள் நாள் முழுதும் செய்யும் அசைவுகளையே எடுத்துக்கொண்டேன்: எடுப்பது, பொருத்துவது, அடுத்தவளிடம் நகர்த்துவது. பம்பை ஒலிக்கு நடுவே ஒரு கால் ஒலித்து ஒரு கால் அடங்கும்போது, மூச்சு வாங்குவதுபோல் இருந்தது அந்த ஆட்டம். கனி முதல் வரிசையின் நடுவில் நின்றாள். வேனில் அவளுக்குப் பக்கத்தில். இரண்டு நாளில் இருவரும் ஒட்டிக்கொண்டார்கள். வேனிலின் தமிழைக் கனி திருத்துவதும், திருத்தியது நெல்லைத் தமிழாக இருப்பதும் விடுதி முழுவதற்கும் வேடிக்கையாயிற்று.

கனிக்கு இந்த ஆட்டத்தில் வேறொரு நோக்கம் இருந்தது. அதை அவளே என்னிடம் சொன்னாள். அதே ஆலையில் பண்டகப் பிரிவில் வேலை செய்யும் வினோத் அவளை மணக்க விரும்பினான். வாலாஜாபாத் பக்கம் விவசாயக் குடும்பம். ஆடியில் பெண் பார்க்க வரக்கூடாது. கூழ் குடிக்க வரலாம். அந்தச் சாக்கில் தாயை அனுப்பிவைப்பதாகச் சொல்லியிருந்தான். காலைப் பற்றி மட்டும் தாயிடம் அவன் வாய் திறக்கவில்லை. நீயே வந்து பார் என்று சொல்லி முடித்துக்கொண்டான்.

"அவங்கம்மா மொதல்ல நான் ஆடுததத்தான் பாக்கணும் டீச்சர்," என்றாள் கனி. "என் காலு இப்படித்தான்னு தெரிஞ்சுக்கிடட்டும். வேண்டாம்னா மூஞ்சிக்கு நேராச் சொல்லிட்டுப் போட்டும். பொறவு ஒளிச்சு வச்சாவன்னு ஒரு சொல்லு வந்துரக் கூடாது."

அப்படியே ஆகட்டும் என்றேன். பின்னால் நின்ற தோழி ஒருத்தி, "ஏளா, மாமியா வாறான்னு இப்பமே தலையக் குனியாத. தாளம் போயிரும்" என்றாள். எல்லோரும் சிரித்தோம்.

4

நிகழ்ச்சிக்கு முந்தின நாள் காலையில் வார்டன் செல்வி என்னை அழைத்தாள். உள்ளூர்க்காரி, அந்தப் பெண்களுக்குக் காய்ச்சல் வந்தால் இரவெல்லாம் உட்கார்ந்திருப்பவள். அவள் சொன்னதில் ஒரு துளி வஞ்சகமும் இல்லை.

"அந்தம்மா வாசப்படி ஏறி வந்து மொத மொத பாக்கறதே, இது கால இழுத்துகினு ஆடறதத்தானா? கட்டிக்கப்போற பொண்ணு ஆடிகினு நின்னாலே ஆயிரம் பேசுவாங்கோ. மூஞ்சி இன்னா லட்சணமா கீது. அம்மனா உக்கார வெச்சிட்டா பொடவ கால மூடிக்கும். மத்தது எல்லாம் அப்பறம் பேசிக்கலாம்."

பள்ளி ஆண்டுவிழாக்களை நினைத்துப் பாருங்கள். நடக்க இயலாத பிள்ளை ஒன்று வகுப்பில் இருந்தால் அதை எங்கே வைப்போம்? நடுவில் உயரமாக உட்காரவைத்து மகுடம் சூட்டுவோம். பாரத மாதா ஆக்குவோம், கலைமகள் ஆக்குவோம். மற்றப் பிள்ளைகள் சுற்றி ஆடுவார்கள். பார்ப்பவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அந்தப் பிள்ளைக்கு மரியாதை செய்துவிட்டோம் என்று நாமும் நிறைவோடு வீடு திரும்புவோம். செல்வி கேட்டதும் அதைத்தான். இதற்கு என்ன விடை சொல்லவேண்டும் என்று பிரேமனில் நான் ஆசிரியர்களுக்கு வகுப்பெடுத்திருக்கிறேன்.

பயிற்சி நடுவே, எல்லாப் பெண்களும் சுற்றி நிற்க, கனியிடம் கேட்டேன். நீ அம்மனாக அமர்ந்தால் எல்லோருக்கும் நிறைவாக இருக்கும், உனக்குச் சம்மதந்தானே என்று. தோழிகள் கைதட்டினார்கள். அன்பினால்தான் தட்டினார்கள். கனி தரையைப் பார்த்தாள். பிறகு வேனிலைப் பார்த்தாள்.

"நீங்க சொன்னாச் சரி டீச்சர்."

வேனில் ஜெர்மன் மொழியில் என்னிடம் சொன்னாள்: நீ அவளைக் கேட்கவில்லை, அவளுக்கு அறிவித்தாய். நானும் அதே மொழியில் விடையிறுத்தேன். இது உன் ஊர் இல்லை, உனக்குத் தெரியாததில் தலையிடாதே என்றேன். வீட்டில் தமிழைத் தவிர வேறு மொழி கூடாது என்று பதினாறு ஆண்டுகள் கட்டளையிட்டவள், பிறந்த ஊரில், தன் இனப் பெண்களுக்குப் புரிந்துவிடக்கூடாது என்பதற்காகத் தமிழைக் கைவிட்டேன்.

அதைவிடக் கீழான ஒன்று அடுத்து நேர்ந்தது. கனி செருப்பை அணிந்துகொண்டு ஓரத்தில் போய் உட்கார்ந்தாள். இனி அடங்கிய தட்டு எதற்கு, இரண்டு காலையும் தட்டலாமா என்று பெண்கள் கேட்டார்கள். தட்டுங்கள் என்றேன். அவள் நின்ற இடத்தை இருபுறமும் நகர்ந்து மூடிக்கொண்டார்கள். தட்டு ஒன்றுபோல் விழுந்தது. வரிசை நூல் பிடித்ததுபோல் நின்றது. எனக்கு நிம்மதியாக இருந்தது. கனியின் நலத்துக்காக என்று செல்வி சொன்ன காரணத்தை நான் ஏற்றது, என் கண்ணுக்கும் காதுக்கும் இந்த நிம்மதி வேண்டியிருந்ததால்தான்.

ஊரிலிருந்து திரும்பியபின் வேனில் என் சனிக்கிழமை வகுப்புக்கு வருவதில்லை. தேர்வு இருக்கிறது என்கிறாள். தமிழில்தான் சொல்கிறாள்.

5

வினோத்தின் தாய் கஸ்தூரி நண்பகலுக்குப் பின் வந்தார். வயல் வேலையில் மெலிந்து கறுத்த உடம்பு. கையில் வேப்பிலைக் கொத்தும் குங்குமப் பொட்டலமும். மகன் வாயிலுக்கு வெளியே தேநீர்க் கடையில் வண்டியை நிறுத்திவிட்டு நின்றான். செல்வி அந்த அம்மாளை முன்வரிசையில் அமர்த்தினாள்.

ஆட்டம் பிழையின்றி நடந்தது. பின்னே, சேலை போர்த்திய மேசையின்மேல் நாற்காலி; நாற்காலியில் கனி. காஞ்சிபுரத்திலிருந்து வாடகைக்கு எடுத்த மகுடம். பட்டின் கரை மேசை விளிம்புவரை வழிந்தது. முடிவில் கற்பூரம் காட்டுவதாக அமைத்திருந்தவளும் நானே. மேடைக்கு அழகாயிருக்கும் என்ற எண்ணத்தைத் தவிர வேறு நினைவு எனக்கு இருக்கவில்லை.

ஆடி மாதம், பம்பை ஒலி, மஞ்சள் முகம், கற்பூரச் சுடர். நான் மேடை என்று பார்த்ததை அங்கிருந்த மூத்த பெண்கள் மேடை என்று பார்க்கவில்லை. கஸ்தூரி அம்மாள் எழுந்தார். இரு கைகளையும் தலைக்குமேல் கூப்பினார். ஆடுகிறவர்களை விலக்கிக்கொண்டு நேரே பீடத்துக்கு வந்தார். படுத்த படுக்கையாய் இருக்கும் கணவன் பெயரைச் சொல்லி அழுதார். குங்குமத்தை முழுதும் கனியின் மடியில் கொட்டி, பட்டுக்குள் கைவிட்டு அவள் பாதங்களைப் பற்றிக்கொண்டு நெற்றியை வைத்தார். கனி சூலத்தைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். என்ன செய்யவேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. இசையை நிறுத்தும்படி சொல்லக்கூட எனக்குத் தோன்றவில்லை.

பிறகு எல்லோருக்கும் கூழ் வார்த்தார்கள். கனி மகுடத்தைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுக் கீழே இறங்கினாள். யாரும் சொல்லாமல் ஒரு குவளைக் கூழை எடுத்துக்கொண்டாள். உயர்ந்த செருப்பை அணியவில்லை. கூடத்தின் குறுக்கே, ஒவ்வொரு எட்டிலும் உடல் ஒருபக்கம் சாய்ந்து நிமிர, கஸ்தூரி அம்மாளை நோக்கி நடந்தாள். வேண்டுமென்றே மெதுவாக நடந்தாள்.

அவள் அருகில் வந்ததும் கஸ்தூரி அம்மாள் எழுந்து நின்றுவிட்டார். இரு கைகளாலும் குவளையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வீட்டுக்கு வரப்போகும் பெண்ணிடம் எந்த மாமியாரும் எழுந்து நின்று எதையும் வாங்குவதில்லை. "நீ உக்காரு தாயே" என்றார். கனி உட்காரவில்லை. அவரும் உட்காரவில்லை. கூழைக் குடித்து முடிக்கும்வரை இருவரும் நின்றே இருந்தார்கள்.

விடைபெற்றபோது வாயில்வரை கூடவே போனேன்.

"பொண்ணு நல்ல பொண்ணுதாம்மா, ஒரு கொறையும் சொல்ல மாட்டன்," என்றார் அந்த அம்மாள். "ஆனா வுழுந்து கும்புட்டுட்டனே. இனிமே அத எங்கூட்டுக்கு இட்டுகினு போயி எப்டி பாத்திரம் தேய்னு சொல்றது?"

அது வெறும் வேடம், நான் போட்டுவிட்ட வேடம் என்றேன்.

"வேசந்தாம்மா. நா கும்புட்டது வேசம் இல்லியே."

கனியின் நடையைக் காணுமுன்பே அவர் கைகள் பட்டுக்குள் எதைத் தொட்டு உணர்ந்தன என்பது எனக்குத் தெரியாது. காலின் குறையை மனத்தில் வைத்துக்கொண்டு, பக்தியைச் சொல்லித் தப்பித்தாரா? மெய்யாகவே அஞ்சினாரா? இரண்டும் ஒரே நெஞ்சில் ஒரே நேரத்தில் இருக்கக்கூடியவைதாம். அவரைப் பொய்யர் என்று சொல்லிவிட்டால் எனக்கு எளிதாகப் போய்விடும். அதனால் சொல்ல மாட்டேன். வினோத் தாயின் முகத்தைப் பார்த்தான், தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டான். இருவரும் வண்டியேறிப் போனார்கள்.

6

செல்வியிடம் வாரம் ஒருமுறை பேசுகிறேன். வினோத் வேறு ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டானாம். விடுதிப் பெண்கள் கனியைக் குழாயடியில் வரிசையில் நிற்க விடுவதில்லையாம். அவளைக் கண்டதும் குடத்தை வாங்கி முதலில் பிடித்துக் கொடுத்துவிடுகிறார்களாம். சிலர் கேலியாக, சிலர் மெய்யாகவே. இதில் யார் எது என்று செல்விக்கே பிடிபடவில்லை. கேலி செய்பவளும் கைக்கு எட்டும் தூரத்தில் நின்று செய்வதில்லை என்று மட்டும் சொன்னாள்.

வருகிற மாதம் நான் பேசவேண்டிய உரையை எழுத உட்காரும்போதெல்லாம், அந்த ஞாயிற்றுக்கிழமையின் பிற்பகுதிதான் வந்து நிற்கிறது. விருந்தினர் போனபின் உணவுக்கூடத்து ஓரத்தில் கனியை உட்காரவைத்து, சவுரியைத் தாங்கிய ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தேன். மாலை ஷிப்டுக்கு அவள் போகவேண்டும். மேசைகளைப் பழையபடி இழுத்துப் போடும் ஓசை கேட்டுக்கொண்டிருந்தது. மன்னித்துக்கொள் என்று சொல்ல ஒரு சொற்றொடரை மனத்துக்குள் அமைத்துக்கொண்டிருந்தேன். அமைத்து, திருத்தி, மீண்டும் அமைத்தேன். அதற்குள் அவளே பேசிவிட்டாள். குரலில் கோபம் ஏதும் இல்லை.

"மேல இருந்து எல்லாத்தையும் பாத்தேன் டீச்சர். நல்லாத்தான் ஆடுனாளுவ."

ஆம் என்றேன்.

"நான் ஆடியிருந்தா, பாத்துட்டு வேண்டாம்னு சொல்லியிருப்பாவ. அது எனக்குப் பழக்கந்தான். ரெண்டு நாள் அழுதாச் சரியாப் போயிரும். இவிய கும்பிட்டுட்டுல்லா போறாவ. இதுக்கு நான் யாருகிட்டப் போயிக் கோவப்பட?"

என்னிடம் என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரே ஒரு சொல். நான் குனிந்து, அவள் கூந்தலில் அடுத்த ஊசியைத் தேடினேன்.